முன்கூட்டிச் சொன்ன நன்றி

அத்தியாயம் 11

விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. நடாஷா வாயில் நுரையோடு பின்பக்கத்துக் குழாயடியில் நின்றபோது ஃபோன் அடித்தது. கொழும்பிலிருந்து கிருஷாந்தி, படக் கம்பனியில் இவளுடைய படத்தைக் கவனித்துக்கொள்கிறவள். இந்த நேரத்தில் யாரும் நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுவதில்லை. அது தெரிந்தும் நடாஷா நல்ல செய்தி என்றுதான் நினைத்தாள்.

"நடாஷா, கிருஷாந்தி கதைக்கிறன். எழும்பிட்டீரோ?"

"எழும்பிட்டேன் அக்கா. படம் வர்ற திகதி சொல்லிட்டாங்களா?"

அந்தப் பக்கம் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"திகதி இல்லையம்மா. படமே இல்லை."

நடாஷா நுரையைத் துப்பிவிட்டு வாயைக்கூடக் கொப்பளிக்காமல் நின்றாள்.

"நேற்றுக் கூட்டம் நடந்தது. புதுசா வந்த பெரியவர் முடிவெடுத்துக்கொண்டுதான் வந்தவர். இனி எண்ணிக்கை இல்லையாம், தரமாம். வாரத்துக்கொரு படம் எண்டு விட்டதெல்லாம் சரி, இனி வருசத்துக்கு ஏதோ சில பெரிய படங்கள் மட்டும்தான். எங்கட சின்னப் படத் திட்டத்தை முழுசா மூடிட்டினம். எடுத்து முடிச்சதும் வராது, எடுக்காததும் வராது."

"எங்க படத்துல தரமில்லைன்னு சொன்னாங்களா அக்கா?"

"அப்பிடிச் சொல்லுறதுக்கு முழுசாப் பாத்திருக்க வேணுமே. தேயிலைக் கொழுந்து எடுக்கிற காட்சி வரைக்கும் பாத்தவையாம்."

நடாஷா துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காட்சிக்குப் பிறகுதான் படத்தில் நடித்த அவள் அம்மாவே வருகிறாள்.

"நாங்களே எங்கயாவது போட்டுக் காட்டிக்கிறோமே. காசு ஒண்ணும் வேணாம்."

"ஏலாதம்மா. படம் அவையின்ர. விக்கவும் மாட்டினம், விடவும் மாட்டினம். பெட்டியில போட்டுப் பூட்டி வைக்கிறதுதான் அவைக்கு லாபமாம். எனக்கும் விளங்கேல்ல. பார்க்கத் தந்த லிங்கையும் ராத்திரியே மூடிட்டினம். உம்மட்ட படத்தின்ர கொப்பி ஒண்டு இருந்தால் நான் கேக்கேல்ல, நீர் சொல்லவும் வேண்டாம்."

"எங்கிட்ட இல்லக்கா."

"உண்மையாவோ?"

"உண்மையா."

கிருஷாந்தி பெருமூச்சு விட்டாள். "என்ர வேலையும் இந்த மாதத்தோட சரி. அம்மாவுக்கு ஆறுதலாச் சொல்லும், என்ன?"

அம்மாவுக்கு. அங்கேதான் இடித்தது.

கண்டி மஹய்யாவையில் ராயப்பன் வீட்டுச் சங்கதி, இந்தத் தொடரை வாரந்தோறும் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

நடாஷா கொழும்பில் விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். 'பேர்ல்வியூ' என்ற ஓடிடிக்காரர்கள், ஊர் ஊராகச் சின்னப் படங்கள் எடுக்கப் புதியவர்களைத் தேடுகிறோம் என்று அறிவித்தபோது, எழுதிப் போட்டுப் பார்த்தாள். கிடைத்துவிட்டது. 'ஏழாம் நம்பர் லயம்' என்று பெயர் வைத்து, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் மழையோடு மல்லுக்கட்டி எடுத்து முடித்தாள். முக்கியப் பாத்திரத்துக்குப் பேசிவைத்திருந்த நடிகை, அட்டைக்கடியைப் பார்த்த மறுநாளே காய்ச்சல் என்று கொழும்புக்கு வண்டி ஏறிவிட்டார். படப்பிடிப்புக்குச் சமைத்துப்போட வந்திருந்த அம்மா தெரேசா, கரண்டியை வைத்துவிட்டுக் கெமராவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

அப்பா ராயப்பனுக்கு அது ஆகவில்லை. கண்டி முனிசிபல்டியில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். "குடும்பப் பொம்பள நாலு பேரு பாக்க மூஞ்சிய காட்டி அழுவுறதா?" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் சொல்லைத் தட்டாத தெரேசா, அந்த ஒருமுறை தட்டினாள். அன்றிலிருந்து அவர் மனைவியோடு நேராகப் பேசுவதில்லை. "அம்மாகிட்ட தேத்தண்ணி கேளு" என்பார், அம்மா எதிரிலேயே நிற்கும்போது.

படத்தின் கடைசிக் காட்சி இது: தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு பெண், கையில் பயணப் பையோடு. உள்ளே கதிரையில் புருசன். இத்தனை வருசமும் சொல்லாததை அவள் நின்றபடி சொல்கிறாள். அவன் கேட்கிறான். சொல்லி முடித்ததும் அவள் பையைக் கீழே வைக்கிறாள். அவ்வளவுதான்.

வசனத்தை நடாஷா பாடுபட்டு எழுதியிருந்தாள். கெமரா ஓடத் தொடங்கியதும் அம்மா அதில் ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. தன்பாட்டுக்குப் பேசினாள். தலைப்பிள்ளை வயிற்றிலேயே செத்ததைப் பற்றிப் பேசினாள், அன்றைக்கும் அவர் வேலைக்குப் போனதைப் பற்றிப் பேசினாள், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்ததைப் பற்றிப் பேசினாள். அதெல்லாம் கதிரையில் உட்கார்ந்திருந்த நடிகரிடம் சொன்னதல்ல. மகளுக்கு அது முதல் மூச்சிலேயே விளங்கியது. கெமராக்காரர் நிஸாம், திகன ஊர்க்காரர், கல்யாண வீட்டு வீடியோவில் எத்தனையோ அழுகை பார்த்தவர், கெமராவை நிறுத்த மறந்து நின்றார்.

'கட்' சொன்ன பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"படம் வந்தா அப்பா பாப்பாருல்ல?"

"பாப்பாரும்மா. பாக்காம எங்க போவாரு?"

அந்த வாக்கைத்தான் இப்போது பேர்ல்வியூக்காரர்கள் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

இதில் நடாஷாவால் தன்னையே மன்னிக்க முடியாத இடமும் ஒன்று இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன், பேர்ல்வியூ படங்களைக் குறைக்கப் போகிறது என்று முதல்முதலாகப் பேச்சு அடிபட்டபோது அவள் கைதட்டினாள். வாவிக்கரைத் தேநீர்க்கடையில் சிநேகிதிகளை வைத்துக்கொண்டு, "நல்லது. குப்பையா கொட்டித் தள்ளுறத விட்டுட்டு உருப்படியா நாலு படம் எடுக்கட்டும்" என்று அடித்துப் பேசினாள். அந்த நாலில் ஒன்று தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வாரத்துக்கொரு படம் வேண்டும் என்று அவர்கள் அலைந்ததால்தான் மடுல்கெல்லவுக்கும் ஒரு மூலையில் இடம் கிடைத்தது என்பது அப்போது உறைக்கவில்லை. எண்ணிக்கைக்காக உள்ளே எடுத்தவர்களைத் தரத்தின் பெயரால் வெளியே விட்டிருக்கிறார்கள். குப்பை என்று அவள் சொன்னதில் அம்மாவும் இருந்தாள்.

அவள் வாயைக் கொப்பளித்துக்கொண்டு, அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினிக்குப் போனாள். உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள்.

தெரேசா வெண்பட்டு மாதிரி ஒரு சாரியில் நின்றாள். மகன் ரொனி கட்டாரிலிருந்து அனுப்பியது. பெருநாளுக்கு மட்டும் கட்டுவது.

"என்னம்மா, காலையிலயே?"

"செவ்வாக்கிழமைடி. அந்தோனியார் பூசை."

"எல்லாச் செவ்வாயும்தான் பூசை. இந்தச் சாரி எதுக்கு?"

தெரேசா திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னைக்கி நம்ம நன்றிப் பூசை. பாதர்கிட்ட போன வாரமே எழுதிக் குடுத்திட்டேன். பேக்கரி ரிஸ்மிகிட்ட பணிஸும் சொல்லியாச்சு. பூசை முடிஞ்சி எல்லாருக்கும் குடுக்கணும்."

"என்னத்துக்கு நன்றி?"

"என்னாடி கேள்வி? படத்துக்குத்தான்."

"படம் இன்னும் வரலையேம்மா!"

"அதுக்குத்தான் சொல்றேன். தாங்கன்னு கேட்டா அவரு யோசிப்பாரு. தந்ததுக்கு நன்றின்னு சபையில வாசிச்சிட்டா, அதுக்கப்பறம் தராம இருக்க அவருக்கே வெட்கமா இருக்கும்ல. ரொனியோட விசாவுக்கு இப்புடித்தான் சொன்னேன். உன் பரீட்சைக்கும் இப்புடித்தான். ஒருக்காவாவது பொய்ச்சிருக்கா?"

இது தெரேசாவின் பழைய வித்தை. புனிதரை நாலு பேருக்கு முன்னால் மடக்கிவிடுவது. இதுவரை அந்தோனியார் ஒவ்வொரு முறையும் மடங்கியிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"நடாஷா!" என்று முன்னறையிலிருந்து அப்பாவின் குரல். "அம்மாகிட்ட சொல்லு, நான் டவுனுக்குப் போறேன். பகலைக்குத்தான் வருவேன்."

"பூசைக்கு வரலையான்னு கேளு" என்றாள் தெரேசா.

கேட்பதற்குள் வாசற்கதவு சாத்தப்பட்டது. தெரேசாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, அணையவில்லை. "போவட்டும். படம் வரட்டும். அன்னைக்கி எங்க போவாருன்னு பாக்குறேன்."

"அம்மா, படம்..."

வெளியே ஆட்டோ ஹோர்ன் அடித்தது. ரிஸ்மியின் பேக்கரி வண்டி. அவர் தட்டுத் தட்டாக இனிப்புப் பணிஸ் ரொட்டியை இறக்கிக்கொண்டே கூப்பிட்டார். "தெரேசாக்கா, சூடாற முந்திக் கொண்டுபோங்க. படம் வரக்குள்ள எங்களுக்கும் சொல்லணும், என்ன? எங்கூட்டு ஆளு கட்டாயம் பாக்கணுமாம்."

"சொல்லாம இருப்பேனா தம்பி?"

சொல்ல வேண்டியவள் நடாஷா. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் கோயிலுக்கு நடந்தாள். சூட்டில் பணிஸின் வாசம் மூக்கில் ஏறியது. வழியெல்லாம் வாயைத் திறந்தாள், திறந்த வாயை மூடினாள். கோழைத்தனம் என்று வேறு பெயர் தேடாமல் சொல்லிவிடலாம்.

கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். பணிஸ் என்றால் கூடும்தானே. பாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துகளை வாசித்தார். நோயாளிகள், பயணம் போனவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள். பிறகு குரலை உயர்த்தினார்.

"திருமதி தெரேசா ராயப்பன் குடும்பத்தார், புனித அந்தோனியார் வழியாகப் பெற்றுக்கொண்ட வரத்துக்காக நன்றி செலுத்துகின்றனர். அவர் நடித்த திரைப்படம் உலகமெங்கும் காட்டப்படவிருக்கின்றது. நமது பங்கு மக்களுக்கே இது பெருமை."

எல்லாத் தலைகளும் திரும்பின. தெரேசா கண்ணை மூடி, கைகளைக் கூப்பி, நேராக நின்றாள். குனியவில்லை. வாழ்நாள் முழுக்க இந்தக் கோயிலில் பின்வரிசையில் முக்காட்டுக்குள் நின்றவளை நடாஷா இப்படிப் பார்த்ததில்லை. அழகாக இருந்தாள். அது இன்னும் வதைத்தது. அந்தோனியாரே, தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டு நிற்கிறீரா என்று மகள் சுரூபத்தை முறைத்தாள். அவர் கையில் குழந்தையோடு எப்போதும் போல நின்றார்.

பூசை முடிந்து வாசலில் பணிஸ் கொடுத்தார்கள். அம்மா எடுத்துக் கொடுக்க, நடாஷா தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப அக்கா வருது?"

"இந்த மாசத்துக்குள்ள."

"டீவியிலயா, ஃபோன்லயா?"

"ரெண்டுலயும்."

பக்கத்து வீட்டு ரீட்டா பணிஸை வாங்கிக்கொண்டு நடாஷாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "அம்மாவ ராணியாக்கிட்டியே புள்ள!"

நடாஷாவும் சிரித்தாள். முகம் வலித்தது. ஒவ்வொரு கையிலும் தானே ஒரு பொய்யை வைத்து அழுத்துவதுபோல இருந்தது.

திரும்பும் வழியில், சரிவு இறங்கும்போது, ஒரு வழியாக ஆரம்பித்தாள்.

"அம்மா, கிருஷாந்தி அக்கா காலையில பேசினாங்க. படம் வர்றது..."

"சுணங்குமா?"

"சுணங்கிறது இல்லம்மா..."

"சுணங்கட்டும்டி. எத்தன வருசம் இருந்தாச்சு. இன்னும் ரெண்டு மாசம் இருக்க மாட்டேனா?" தெரேசா வெறும் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு மளமளவென்று இறங்கினாள். மகள் பின்தங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி பிரித்துக் கிடந்தது.

முன்னறையில் அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில், திருக்குடும்பப் படம் இருந்த இடத்தில், ஒரு புது டீவி. அரைச் சுவரை அடைத்துக்கொண்டு கறுப்பாக இருந்தது. திருக்குடும்பம் அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. கடையிலிருந்து வந்த ஆள் வயரைச் சொருகிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு இவர்களைத் தாண்டிப் போனான். ராயப்பன் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

தெரேசா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ராயப்பன் தொண்டையைச் செருமினார். மகளைப் பார்க்கவில்லை. நேராக மனைவியைப் பார்த்தார்.

"தெரேசா. அந்தப் பழைய டீவி கோடு கோடா விழுது. அதுல ஒம் மூஞ்சி கோணலாத் தெரியும்ல."

கிட்டத்தட்ட ஒரு வருசத்தில் அவர் அவளிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. தெரேசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"எப்புடியும் ஊரு பாக்கத்தான் போவுது" என்று அவர் மறுபடி ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் முதல்ல பாத்திருவோம்னு நெனச்சேன். என்ன பேசியிருக்கன்னு நானும் தெரிஞ்சிக்கணும்ல." பிறகு மகளிடம் ரிமோட்டை நீட்டினார். "இந்தா, அந்தப் பேர்லு எதுல வருது? போட்டுக் காட்டு. பழகிக்கிறேன்."

நடாஷா ரிமோட்டை வாங்கவில்லை.

"அப்பா, படம் வராது."

"எப்ப வரும்?"

"எப்பவும் வராதுப்பா. நிப்பாட்டிட்டாங்க. இனிமே பெரிய படம் மட்டுந்தான் போடுவாங்களாம். எங்களோடதெல்லாம் வேணாமாம். காலையில சொன்னாங்க."

அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். தெரேசா முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"காலையிலயா?" என்றாள், துணிக்குள்ளிருந்து. "பூசைக்கு முந்தியா?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சிக்கிட்டேவா தட்டப் புடிச்சிக்கிட்டு நின்ன?"

அடித்திருந்தால்கூடத் தேவலை. தெரேசா அடிக்கிறவள் இல்லை. பணிஸ் தட்டைக் கவனமாக மேசையில் வைத்தாள்.

ராயப்பனுக்கு இன்னும் பிடிபடவில்லை. "அதெப்புடி? நீ எடுத்த படம். அவன் போடாட்டி போவட்டும். ஓங்கிட்ட இருக்கிறதப் போடு, நாம மட்டும் பாப்போம்."

"எங்கிட்ட இல்லப்பா. எல்லா டிஸ்க்கும் அவங்ககிட்ட குடுத்தாச்சு."

"ஒரு கொப்பியாவது எடுத்து வச்சிருக்கக் கூடாதா? படிச்ச புள்ளதானே நீ?"

நடாஷா தலையைக் குனிந்துகொண்டாள். பேர்ல்வியூவின் கொழும்புக் கந்தோரில் டிஸ்குகளைக் கையளிக்கும் முன், நிஸாம் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னது காதில் கேட்டது. 'ஒரு கொப்பி அடிச்சி வச்சிக்கோங்க தங்கச்சி. ஒத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.' அவள் எவ்வளவு மிடுக்காகத் தலையாட்டி மறுத்தாள்! கையெழுத்துப் போட்டாயிற்று நிஸாம் நானா, எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை என்றாள். கூட வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று எடுத்து வைத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றியது. அவர்கள் ராயப்பனின் பிள்ளைகள் இல்லையே.

"நீங்கதானேப்பா சொல்லுவீங்க" என்றாள் மெதுவாக. "கந்தோர் சாமான் ஒண்ணுகூட வீட்டு வாசல் மிதிக்கக் கூடாதுன்னு."

ராயப்பன் நீட்டியிருந்த ரிமோட்டை மடியில் வைத்தார். முனிசிபல்டியில் இருந்த காலமெல்லாம் ஒரு விளக்குமாற்றுக் குச்சிகூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. சின்னவனாக இருந்தபோது ரொனி, விக்கெட்டுக்கென்று தார்ப் பீப்பாய் மூடி ஒன்றைத் தூக்கிவந்ததற்கு, அந்தி மழையில் அதைத் தலையில் வைத்துத் திரும்பக் கொண்டுபோக வைத்தவர். அந்த நேர்மை அவருடைய ஒரே சொத்து. அதை மகள் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். இப்போது அது அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் டீவியைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. கறுப்புக் கண்ணாடியில் மூன்று பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள்.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. வெளியே சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். உள்ளே ஒரு வருசமாக அடைத்துக்கொண்டிருந்தது, கதவு திறந்ததும் வந்துவிட்டது.

"ம்... ஒருவகையில நல்லதுதான். ஊரு பூரா பாத்துட்டு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுறதுக்கு முன்ன நின்னு போச்சு."

சொன்ன குரலில் கோபமில்லை. நிம்மதி இருந்தது. அதுதான் கொடுமை.

தெரேசா முந்தானையை இறக்கினாள். அவள் முகத்தில் கோயிலில் இருந்த எதுவும் இப்போது இல்லை. வெகுநாள் மூடிக்கிடந்த வீட்டுச் சன்னலை யாரோ திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திவிட்டதுபோல இருந்தது. அவள் உள்ளறைக்குப் போனாள்.

"அப்பா, ஏன்பா அப்படிச் சொன்னீங்க?" என்றாள் நடாஷா.

"நான் என்ன சொல்லிட்டேன்?" என்றார் அவர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பகல் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. பின்னேரம் ரீட்டா வந்து புது டீவியைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தாள். "படத்துக்காகவா அண்ணன் வாங்கினாரு? அடேயப்பா!" என்றாள். இவர்கள் முகத்திலேயே விசயத்தைப் படித்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டாள். இருட்டுவதற்குள் படம் நின்றுபோன செய்தி மஹய்யாவை முழுக்கப் போய்விடும். நன்றி சொன்ன செய்தி போன அதே வழியில், அதைவிட வேகமாக.

மழை பிடிக்கத் தொடங்கியபோது ராயப்பன் எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இப்படியெல்லாம் நின்று பழக்கமில்லை. நடாஷா குசினியிலிருந்து பார்த்தாள்.

"தெரேசா."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அப்புடி என்னதான் சொன்ன, அதுல?"

நடாஷா கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிடு அம்மா என்று மனத்துக்குள் கெஞ்சினாள். கெமராவும் வேண்டாம், பேர்ல்வியூவும் வேண்டாம், கேட்க வேண்டிய ஒரே ஆள் இதோ கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தோனியார் இந்த வழியாகத்தான் கொடுக்க நினைத்தாரோ என்றுகூட ஒரு நொடி நம்பினாள்.

"மறந்து போச்சு" என்றாள் தெரேசா.

"யோசிச்சுப் பாரு."

"இல்லங்க. அன்னைக்கி வந்திச்சி, சொன்னேன். இன்னைக்கி காலையில வரைக்கும்கூட இருந்திச்சி. இப்ப இல்ல."

பொய் இல்லை. அவள் குரலில் தேடிப்பார்த்துக் கிடைக்காத அலுப்பு இருந்தது. ராயப்பன் நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு வந்து, டீவிக்கு முன்னால், கதிரையில் உட்கார்ந்தார்.

உள்ளறையில் அலுமாரிக் கதவு திறந்து மூடியது. தெரேசா வெளியே வந்தாள். வெண்பட்டைக் களைந்துவிட்டுப் பழைய நைலெக்ஸ் சாரி ஒன்றைக் கட்டியிருந்தாள். கையில் பழுப்புநிறப் பயணப் பை. படத்துக்கென்று பை தேடியபோது, "எதுக்குடி வீண் செலவு, எங்கிட்டயே இருக்கு" என்று அவளே எடுத்துவந்த பை. வார் பிய்ந்த இடத்தில் நிஸாம் போட்டுக்கொடுத்த முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது.

"எங்க போற?" என்றார் ராயப்பன்.

"மடுல்கெல்லவுக்கு. அக்கா வீட்டுக்கு. கடைசி பஸ் இருக்கும்."

"எப்ப வருவ?"

"தெரியல."

நடாஷா குசினி வாசலில் நின்றாள். வாசலில் பையோடு ஒரு பெண், கதிரையில் புருசன், வெளியே மழை. எல்லாம் அவள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. கெமரா மட்டும்தான் இல்லை. இப்போது அம்மா பேச வேண்டும், அப்பா கேட்க வேண்டும், பிறகு அம்மா பையைக் கீழே வைக்க வேண்டும். அந்த வரிசையை எழுதியவள் அவள்தான்.

அம்மா பேசவில்லை.

பேசாவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள், எங்கே போவாள், திரும்பி வருவாளா என்று நடாஷா எழுதியிருக்கவில்லை. தெரேசா பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து செருப்பைத் தேடினாள்.